கருவிகளைக் கொண்டு துணைவினைகளைக் கற்பிக்கும் ஓர் ஆங்கிலப் பாடத்தொகுப்பு: மதிப்பாய்வு

கணினியின் உள்ளீட்டுக் கருவிகளையும் வெளியீட்டுக் கருவிகளையும் பற்றிய ஆங்கிலப் பாடங்களோடு, ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ முதலிய துணைவினைகளுக்கான இலக்கணப் பகுதியையும் சேர்த்துத் தரும் இணையவழிப் பாடத்தொகுப்பு ஒன்றை முதல் பாடத்திலிருந்து கடைசிப் பயிற்சி வரை முழுமையாகச் செய்து பார்த்தேன். தொழிற்கல்வி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது என் பணி என்பதால், என் மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாமா என்ற ஒரே கேள்வியோடுதான் படிக்கத் தொடங்கினேன். இதே வார்ப்பில் பல தொகுப்புகள் கிடைக்கின்றன. ஆகவே பெயரைச் சொல்வதைவிட, உள்ளே எது நன்றாக இருக்கிறது, எது கற்பவரைத் தவறான வழியில் விடுகிறது என்று எழுதுவதே பயனுடையது எனக் கருதுகிறேன்.

கணினிக் கருவிகளுக்கும் துணைவினைகளுக்கும் என்ன தொடர்பு என்று முதலில் எனக்கும் ஐயம் இருந்தது. மூன்றாம் பாடத்தை எட்டுவதற்குள் அந்த ஐயம் தீர்ந்துவிட்டது. ஒரு கருவியின் கையேட்டைத் திறந்தால் ஏறத்தாழ ஒவ்வொரு வரியிலும் ஒரு துணைவினை இருக்கும். இந்தக் கருவியால் என்ன செய்ய முடியும், எதைச் செய்தே ஆக வேண்டும், எதைச் செய்தால் நல்லது, எதைச் செய்யவே கூடாது என்ற நான்கையும்தான் கையேடு சொல்கிறது. அந்த நான்கையும் ஆங்கிலத்தில் துணைவினைகள்தான் சுமக்கின்றன. தொழில்நுட்ப உலகம் இவற்றை எவ்வளவு கண்டிப்பாகக் கையாளுகிறது என்பதற்கு ஒரு சான்று சொல்ல வேண்டும். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதும் இணையப் பொறியியல் பணிக்குழு, 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தையே இந்தச் சொற்களுக்காக வெளியிட்டது. ‘மஸ்ட்’ என்றால் விலக்கில்லாத கட்டாயம். ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் விளைவை முழுமையாக எண்ணிப் பார்த்த பிறகே மீற வேண்டும். ‘மே’ என்றால் முழுக்க அவரவர் விருப்பம் என்று அது வரையறுத்தது. பெரிய எழுத்துகளில் எழுதப்படும்போது மட்டுமே இந்தச் சிறப்புப் பொருள் பொருந்தும் என்று 2017இல் வந்த இன்னோர் ஆவணம் தெளிவுபடுத்தியது. தொகுப்பு இதைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருந்தால், துணைவினை என்பது தேர்வுக்காகப் படிக்கும் ஒன்று என்று நினைக்கும் மாணவர்களின் பார்வை முதல் நாளிலேயே மாறியிருக்கும்.

உள்ளீட்டுக் கருவிகள் பற்றிய பாடம்தான் இத்தொகுப்பின் சிறந்த பகுதி. படத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லிக் கடந்துபோகாமல், ஒவ்வொரு கருவியும் எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு மூன்று வரிகளில் விளக்கி, அந்த விளக்கத்திலிருந்தே துணைவினையைப் பிறக்க வைக்கிறார்கள். ஒளியால் இயங்கும் மவுஸின் அடியில் சிறியதொரு கேமரா இருக்கிறது. அது தனக்குக் கீழே உள்ள பரப்பை ஒரு நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் பிடித்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, மவுஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணிக்கிறது. கண்ணாடிப் பரப்பில் ஒப்பிடுவதற்கான வடிவங்கள் எதுவும் தென்படாததால் அது தடுமாறலாம். இந்த இடத்தில் ‘மே நாட் வொர்க் ஆன் கிளாஸ்’ என்ற சொற்றொடர் வருகிறது. ‘இயங்காமல் போகலாம்’ என்ற பொருளை மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காரணம் கண்முன்னே இருக்கிறது. மின்தேக்கத் தத்துவத்தில் இயங்கும் தொடுதிரை, மின்சாரத்தைக் கடத்தும் விரலை உணரும், சாதாரணக் கையுறை அணிந்த விரலை உணராது என்பதை வைத்து ‘கேன்’, ‘கேனாட்’ இரண்டையும் விளக்கியிருப்பதும் அவ்வாறே அருமை. ‘கேனாட்’ என்பதை எழுத்தில் ஒரே சொல்லாக எழுத வேண்டும் என்ற சிறு குறிப்பையும் அங்கேயே சேர்த்திருக்கிறார்கள்.

இதே பாடத்தில் ‘மே நாட்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு என்ற எச்சரிக்கை இல்லாதது ஒரு குறை. ‘இயங்காமல் போகலாம்’ என்பது ஒன்று. ‘அனுமதி இல்லை’ என்பது மற்றொன்று. பயனர்கள் இந்த ஸ்கேனரைப் பயன்படுத்த ‘மே நாட்’ என்று ஓர் அறிவிப்பு இருந்தால், அது தடையா, ஊகமா என்று படிப்பவர் தடுமாற நேரும். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

கருவிகளோடு சேர்ந்து வரும் வினைச்சொற்களுக்குக் கொடுத்திருக்கும் இடம் பாராட்டுக்குரியது. விசையை அழுத்துவது, அழுத்திப் பிடித்திருப்பது, விடுவிப்பது, மவுஸால் இழுத்துச் செல்வது, சொடுக்காமல் மேலே நிறுத்துவது ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் தனித்தனி வினைகள் இருக்கின்றன. தமிழில் இவற்றில் பலவற்றுக்கு ‘பண்ணு’ என்ற ஒரே வினையைச் சேர்த்துப் பேசிவிடுகிறோம். ‘ஆன் பண்ணு’, ‘ஆஃப் பண்ணு’ என்று நாள்தோறும் சொல்லிப் பழகிய நாக்கு, ஆங்கிலம் பேசும்போது ‘ஆன் த கம்ப்யூட்டர்’ என்று வினையே இல்லாமல் பேசிவிடுவதை வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ‘டர்ன் ஆன்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘பிளக் இன்’ என்ற இணைவினைகளை ‘மஸ்ட்’, ‘ஷுட்’ ஆகியவற்றின் பின்னால் வைத்துப் பயிற்சி தருவதால், துணைவினைக்குப் பின்னால் வினையின் மூல வடிவம் மட்டுமே வரும், நடுவில் ‘டு’ வராது, ஒருமைப் படர்க்கைக்குரிய ‘எஸ்’ ஒட்டாது என்ற விதிகளும் தாமாகவே கைக்கு வந்துவிடுகின்றன. ‘ஹார்டுவேர்’, ‘சாஃப்ட்வேர்’, ‘எக்விப்மென்ட்’ ஆகியவற்றுக்குப் பன்மை ‘எஸ்’ சேர்க்கக் கூடாது என்பதற்குத் தனிப் பயிற்சி வைத்திருப்பதும் தேவையான ஒன்று. விண்ணப்பக் கடிதங்களில் இப்பிழை இன்றும் சாதாரணமாகக் காணப்படுகிறது.

வகைப்படுத்தும் பயிற்சியில்தான் தொகுப்பு சறுக்குகிறது. கருவிகளின் பெயர்களை ‘உள்ளீடு’, ‘வெளியீடு’ என்ற இரண்டு கட்டங்களில் மட்டும் நிரப்பச் சொல்கிறார்கள். தொடுதிரை இரண்டையும் செய்கிறது: காட்டவும் செய்கிறது, தொடுகையை வாங்கவும் செய்கிறது. இதை வெளியீட்டுக் கட்டத்தில் போட்டால்தான் மதிப்பெண் கிடைக்கிறது. பென்டிரைவை உள்ளீட்டுக் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். அது சேமிப்புக் கருவி, மூன்றாவது வகை. உண்மையில் இந்த இடம் துணைவினைப் பயிற்சிக்கு வாய்த்த நல்ல களம். ஒலிபெருக்கியும் மைக்கும் ஒரே தத்துவத்தின் இரு முகங்கள். மின் சைகை மென்தகட்டை அதிர வைத்தால் ஒலிபெருக்கி, ஒலி மென்தகட்டை அதிர வைத்து மின் சைகை பிறந்தால் மைக். ஆகவே ஓர் ஒலிபெருக்கியைத் தலைகீழாகப் பயன்படுத்தி மைக்காகவும் இயக்க ‘கேன்’. ‘இது எந்த வகை?’ என்று கேட்பதற்குப் பதிலாக ‘இது எந்தெந்த வகையாக இருக்க முடியும்?’ என்று கேட்டிருந்தால் அறிவியலும் சரியாக இருந்திருக்கும், இலக்கணமும் கூடுதலாக ஒரு படி ஏறியிருக்கும்.

ஒளிப்பேனாவைப் பற்றிய பக்கத்தையும் திருத்த வேண்டும். பழைய கதிர்க்குழாய்த் திரையில் எலக்ட்ரான் கற்றை வரி வரியாக ஓடித் திரையை ஒளிரச் செய்யும். கற்றை பேனா முனைக்கு நேராக வரும் நொடியை அறிந்து இடத்தைக் கணிப்பதே ஒளிப்பேனாவின் வேலை. இன்றைய தட்டைத் திரைகளில் அந்தக் கற்றையே கிடையாது. தொகுப்பில் ஒரு தட்டைத் திரையின் மேல் ஒளிப்பேனா வரைவது போன்ற படத்தைப் போட்டு, நிகழ்காலத்தில் ‘யூ கேன் டிரா’ என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே வர வேண்டியது ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘குட்’.

‘குட்’ என்று சொன்னதும் வாசிப்புப் பகுதி நினைவுக்கு வருகிறது. மவுஸின் வரலாறு பற்றிய அந்தப் பகுதி சுவையானது. டக்ளஸ் எங்கல்பார்ட்டின் எண்ணத்துக்கு அவருடைய உடன்பணியாளர் பில் இங்கிலிஷ் 1964இல் மரத்தால் முதல் மாதிரியைச் செய்துகொடுத்ததும், அதன் அடியில் இரண்டு சக்கரங்கள் இருந்ததும், 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் சுமார் 90 நிமிடம் நடந்த செயல்விளக்கத்தில் எங்கல்பார்ட் அதை அவையினர்முன் இயக்கிக் காட்டியதும் எளிய ஆங்கிலத்தில் சொல்லப்படுகின்றன. ஆனால் அந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது, அவர் அன்று இயக்கிக் காட்ட ‘குட்’ என்று எழுதிவிட்டார்கள். கடந்த காலத்தில் பொதுவாக இருந்த ஆற்றலைச் சொல்ல ‘குட்’ பொருந்தும். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு செயலைச் செய்து முடித்ததைச் சொல்ல ‘வாஸ் ஏபிள் டு’ என்பதே வழக்கு. தமிழில் இரண்டுக்கும் ‘முடிந்தது’ என்ற ஒரே சொல் போதும் என்பதால், நம் மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு. பாடநூலே பிழை செய்தால் மாணவர் வேறு யாரிடம் போவார்? என் வகுப்பில் இந்தப் பகுதியைக் கொடுப்பதானால் அந்த வரியைத் திருத்தியே கொடுப்பேன்.

வெளியீட்டுக் கருவிகள் பற்றிய பாடம் அச்சுப்பொறியை மையமாகக் கொண்டது. அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. ஏனெனில் தடை, கட்டாயம், அறிவுரை, ஊகம் நான்குக்கும் அதில் இடமிருக்கிறது. லேசர் அச்சுப்பொறியில் ஒளியுணர் உருளையின் மேல் லேசர் கற்றை எழுத்துகளை வரைகிறது; அந்த இடங்களில் டோனர் தூள் ஒட்டி, காகிதத்துக்கு மாறி, இறுதியில் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உருளையால் உருகிப் பதிகிறது. இந்த வெப்ப உருளையைத் தொடக் கூடாது: ‘மஸ்ட் நாட்’. ஒளியுணர் உருளையை வெளிச்சத்தில் வெகுநேரம் வைக்காமல் இருப்பது நல்லது: ‘ஷுட் நாட்’. மை தெளிக்கும் அச்சுப்பொறியைப் பல வாரங்கள் பயன்படுத்தாமல் விட்டால் நுண்துளைகள் காய்ந்து அடைபடலாம்: ‘மே’. இத்தனை கச்சிதமான பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ் மாணவர் மிக அதிகமாகத் தடுமாறும் இடத்தைத் தொகுப்பு நான்கே வரிகளில் கடந்துவிடுகிறது என்பதுதான் என் முக்கியமான வருத்தம்.

அந்த இடம் ‘மஸ்ட் நாட்’, ‘டோன்ட் ஹேவ் டு’ என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. முதலாவது தடை, இரண்டாவது, கட்டாயம் இல்லை என்ற விடுதலை. தமிழில் ‘கூடாது’ என்பது தெளிவான தடை, ‘தேவையில்லை’ என்பது தெளிவான விடுதலை. இவை இரண்டுக்கும் நடுவே ‘வேண்டாம்’ என்றொரு சொல் நம்மிடம் இருக்கிறது. ‘தொட வேண்டாம்’ என்று பலகையில் எழுதினால் அது பணிவான தடை. ‘நீங்கள் வர வேண்டாம், நானே கொண்டுவருகிறேன்’ என்றால் அது விடுதலை. ஒரே சொல் இரண்டு பக்கமும் சாய்வதால், ‘வெப்ப உருளையைத் தொட வேண்டாம்’ என்ற தமிழ் எண்ணத்தை ஆங்கிலமாக்கும் மாணவர் ‘யூ டோன்ட் ஹேவ் டு டச்’ என்று எழுதிவிடுகிறார். அதைப் படிக்கும் ஆங்கிலேயருக்கு, தொட்டாலும் ஒன்றுமில்லை என்ற பொருள்தான் கிடைக்கும். 200 டிகிரி வெப்பமுள்ள ஒரு பாகத்தைப் பற்றிய எச்சரிக்கையில் இந்தப் பிழை நேர்ந்தால் விளைவு மதிப்பெண்ணோடு நின்றுவிடாது. ஆங்கிலத்தில் எழுதும் முன் ‘வேண்டாம்’ என்பதைக் ‘கூடாது’ என்றோ ‘தேவையில்லை’ என்றோ தமிழிலேயே மாற்றிச் சொல்லிப் பார்க்கும்படி என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். எது பொருந்துகிறதோ அதற்குரிய ஆங்கில வடிவம் பிறகு பிழையாக வருவதில்லை.

‘-லாம்’ என்ற விகுதியும் இதே போலப் பல வேலை செய்கிறது. ‘அச்சிடலாம்’ என்ற ஒரு சொல் அனுமதியாகவும், வாய்ப்பாகவும், ‘வா, அச்சிடுவோம்’ என்ற அழைப்பாகவும் ஒலிக்கும். தொகுப்பில் ‘கேன்’, ‘மே’, ‘மைட்’, ‘குட்’ ஆகியவற்றை உறுதியின் அளவுப்படி ஒரு சாய்கோட்டில் வரிசைப்படுத்தியிருக்கும் படம் இதற்கு உதவுகிறது. ஆனால் அந்தப் படம் வெளியீட்டுப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில், பயிற்சிகளுக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவது நல்லது.

கோளாறு கண்டறியும் பயிற்சிகளைத் தனியே சொல்ல வேண்டும். இத்தொகுப்பைப் பரிந்துரைப்பதற்கான என் காரணங்களில் இவை முதன்மையானவை. திரை இருண்டிருக்கிறது, மின்விளக்கு எரிகிறது, ஒலி கேட்கிறது. எனவே மின்சாரம் வராமல் ‘இருக்க முடியாது’, திரைக்குச் செல்லும் கம்பி ‘தளர்ந்திருக்க வேண்டும்’ என்று மாணவர் தானே ஊகித்து எழுத வேண்டும். ஆங்கிலத்தில் உறுதியான ஊகத்துக்கு ‘மஸ்ட் பி’. அதன் எதிர்மறை ‘மஸ்ட் நாட் பி’ அன்று, ‘கான்ட் பி’. பல மொழிக்காரர்களுக்கு இது குழப்பம் தரும் விதி. தமிழருக்கோ இது பிறவியிலேயே தெரிந்த விதி: நாமும் ‘இருக்க வேண்டும்’ என்று ஊகித்து, ‘இருக்க முடியாது’ என்று மறுக்கிறோம். இந்த ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்தேன். தொகுப்பை எழுதியவர்கள் எல்லா மொழியினருக்குமாக எழுதியதால் இதைச் சொல்லியிருக்க வழியில்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்லலாம்.

ஆனால் கடந்த காலத்துக்குப் போனால் தமிழ் நம்மைக் கைவிடுகிறது. ‘அவர் தட்டில் காகிதம் வைத்திருக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தார் என்று ஊகிக்கிறோமா, வைக்கத் தவறிவிட்டார் என்று குறை சொல்கிறோமா? குரலின் ஏற்ற இறக்கமும் சூழலும்தான் பிரித்துக் காட்டும். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘மஸ்ட் ஹேவ்’, இரண்டாவதற்கு ‘ஷுட் ஹேவ்’. பழுதுபார்ப்பு அறிக்கையில் இவை இடம் மாறினால், காகிதத்தை வைத்தவர் மேல் வைக்கவில்லை என்ற பழி விழும். தொகுப்பு இந்த இரண்டு வடிவங்களையும் வெவ்வேறு அலகுகளில் வைத்திருப்பதால், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே மாணவருக்குக் கிடைப்பதில்லை.

‘மஸ்ட்’ என்பதற்கு இறந்தகால வடிவம் இல்லை, கட்டாயத்தைச் சொல்ல ‘ஹேட் டு’ பயன்படுத்துக என்று ஒரு பெட்டிச் செய்தி இருக்கிறது. காரணம் சொல்லப்படவில்லை. பழைய ஆங்கிலத்தில் அதுவே ஓர் இறந்தகால வடிவம். மூல வினை வழக்கொழிந்து, இறந்தகால வடிவம் நிகழ்காலப் பொருளுக்கு வந்துவிட்டது. இந்த ஒரு வரியைச் சொன்னால் மாணவர்கள் விதியை மறப்பதில்லை என்பது என் வகுப்பறை அனுபவம்.

ஒலிப்பதிவுகள் தெளிவாக இருக்கின்றன. ‘கேன்’ என்பது வாக்கியத்தின் நடுவில் அழுத்தமின்றிக் ‘கன்’ என்று சுருங்கி ஒலிப்பதையும், எதிர்மறை வடிவம் அழுத்தம் பெற்று நீண்டு ஒலிப்பதையும் பிரித்தறியும் பயிற்சி மிகவும் பயனுள்ளது. இறுதி ‘ட்’ ஒலியைத் தேடிக்கொண்டிருப்பவர் பல நேரம் ஏமாந்துபோவார். உயிரொலியின் நீளத்தையும் அழுத்தத்தையும் கேட்கப் பழகியவரே தப்புவார். ‘டிவைஸ்’ என்பது கருவி, அதன் கடைசி ஒலியைக் குரல்நாண் அதிர ஒலித்தால் ‘திட்டமிடு’ என்ற பொருள் தரும் வினை என்ற வேறுபாட்டையும் ஒலிப்பதிவில் காட்டுகிறார்கள். தமிழ் எழுத்தால் இதை எழுதிக் காட்ட முடியாது. காதால்தான் கற்க வேண்டும்.

வெளியீட்டுக் கருவிகளின் பட்டியலில் பிரெய்ல் காட்சிக் கருவியைச் சேர்த்திருப்பதை மனநிறைவோடு குறிப்பிடுகிறேன். திரையில் உள்ள எழுத்துகளை ஏறி இறங்கும் சிறு ஊசிகளால் விரல்நுனிக்குக் கொண்டுவரும் கருவி அது. தாளில் ஆறு புள்ளிகள் கொண்ட கட்டம், இக்கருவிகளில் பெரும்பாலும் எட்டு ஊசிகளாக இருக்கும். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஒருவர் கணினியில் வரும் கடிதத்தைத் தானே படிக்க ‘கேன்’ என்று அந்தப் பக்கம் முடிகிறது. ‘கேன்’ என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்தத் தொகுப்பில் வேறில்லை. அதே வேளையில், பாடத்தில் உள்ள படங்களுக்கு மாற்று விளக்க உரை கொடுக்கப்படவில்லை. அந்தக் கருவியைப் பயன்படுத்துபவரால் இந்தப் பாடத்தின் படப் பயிற்சிகளைச் செய்ய இயலாது. அடுத்த பதிப்பில் முதலில் செய்ய வேண்டிய திருத்தம் இதுவே.

அடிப்படை வாக்கியங்களை எழுதத் தெரிந்தவர்களுக்கு, உள்ளீட்டுப் பாடத்தையும் கோளாறு கண்டறியும் பயிற்சிகளையும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆங்கிலத்தை அகரத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு இது பொருந்தாது. விளக்கங்கள் முழுவதும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. வெளியீட்டுப் பாடத்தை ஆசிரியர் துணையோடு படிப்பது நல்லது. தனியாகப் படிப்பவர்கள் விடைத்தொகுப்பை முழுமையாக நம்பாமல், தடை, விடுதலை பற்றிய பயிற்சியில் தங்கள் விடை தவறு என்று காட்டப்பட்டால், தங்கள் வாக்கியத்தை ஒருமுறை தமிழில் ‘கூடாது’ போட்டும் ‘தேவையில்லை’ போட்டும் படித்துப் பார்க்கட்டும்; அந்தப் பயிற்சியின் ஏழாம் வினாவுக்குத் தொகுப்பு தந்திருக்கும் விடையே பிழையானது.